மூன்று பூனைகளின் மொத்த எடை

என் அண்ணனைக் கடைத்தெருவில் ‘கிராம் அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் கிராம். எடை மெஷின் பழுது பார்க்கிறவர். கறிக்கடை, காய்கறிக்கடை, நகைக்கடை, பார்சல் ஆபீஸ், பச்சைக் குழந்தைகளை எடை பார்க்கும் கிளினிக் என்று எங்கெல்லாம் எதையாவது நிறுக்கிறார்களோ அங்கெல்லாம் அவருக்கு வேலை இருக்கும். ஐந்து கிராம் பிசகினாலும் விடமாட்டார். “அஞ்சு கிராம்தானே” என்று ஒரு கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. ஒரு நாளைக்கு எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை கிலோ என்று அந்தக் கல்லாவுக்கு முன்னாலேயே நின்று விளக்குவார். பின்னால் வரிசை நீளும். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நகருவார்.

சரிபார்க்கிற பித்தளைக் கற்களை மரப்பெட்டியில் துணி விரித்து வைத்திருப்பார். வெறுங்கையால் யாரும் தொடக்கூடாது. விரல் பிசுக்கு பட்டால் எடை கூடிவிடுமாம். பிசுக்கையே எடை போடுகிற மனுஷன் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். மெஷினைத் திறந்து, துடைத்து, கல் வைத்துப் பார்த்து, எல்லாம் ஒத்துவந்த பிறகு தேதி எழுதின சிறு சீட்டு ஒன்றை ஓரத்தில் ஒட்டுவார். அந்தச் சீட்டு இருந்தால் அந்த மெஷின் பொய் சொல்லாது என்று அர்த்தம்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, ஆறாம் வருஷம் ஒரு தையல் மெஷினும் ஒரு பூனையுமாகத் திரும்பி வந்தேன். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. முன்னறையில் கிடந்த பழுதான தராசுகளை உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் என் மெஷினைப் போட்டார். அப்புறம் பூனையைத் தூக்கி எடைபோட்டு, “மூணே கால்” என்றார். எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான். அன்றிலிருந்து பதிமூன்று வருஷமாக நான் அந்த ஜன்னலோரத்தில் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பூனைதான் ஊசி. மெலிந்த உடம்பு, மேலே நீள நீளமாக முடி. நான் தைக்கும்போது மிதிகட்டைக்குப் பக்கத்தில் சுருண்டுகிடக்கும். பிறகு மாவுமில்லில் எடை மெஷின் பார்க்கப் போன அண்ணன், அங்கே சாக்குக்கு நடுவில் கிடந்த ஒரு குட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அது மூட்டை. கடைசியாக எங்கிருந்தோ வாலில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது அரைவால். மூன்றுக்கும் தைத்து மிச்சமான துணியில் கழுத்துப்பட்டை தைத்து, பிரஸ் பட்டன் வைத்து, சின்ன மணி கட்டியிருந்தேன். ஊசிக்கு நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணி. மூட்டைக்குச் சிவப்பு.

மூட்டை பேருக்கேற்றபடி வளர்ந்தது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஜன்னலுக்குத் தாவி, பாதியில் தொங்கி, கீழே விழும். விழுந்தால் கைதட்டுவோம். ஒரு நாள் விழுந்தது எழுந்திருக்கவில்லை. முன்னங்காலில் பிசகு. பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூடையில் வைத்துத் தூக்கிப் போனோம். டாக்டரம்மா காலைப் பார்ப்பதற்கு முன்னால் எடையைப் பார்த்தார். எட்டு கிலோ இருநூறு. இதுமாதிரிப் பூனைக்கு நாலரை போதும் என்றார். இதே போக்கில் போனால் சர்க்கரை வரும், மூட்டு போகும், மூச்சு முட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை நாள் வீட்டில் யாருக்கும் கண் தெரியவில்லையா என்று கேட்டார்.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். “எங்க அண்ணனே எடை மெஷின்காரர்தான் டாக்டர்” என்றேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. வீடு வரும்வரைக்கும் கூடையைக் கைமாற்றாமல் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே போனாலும் பூனைக்கூடையை அவர்தான் தூக்குவார், என்னிடம் தரமாட்டார்.

டாக்டரம்மா சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. மூட்டைக்கு மட்டும் எடை குறைக்கும் உருண்டைத் தீனி, கப்பில் அளந்து, தனி அறையில். மற்ற இரண்டுக்கும் வழக்கமான சாப்பாடு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பூனையையும் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும். வாரத்துக்கு நூறு கிராம் குறைந்தால் சரி. அதற்குமேல் வேகமாகக் குறைந்தால் ஈரல் கெடும்.

தனி அறை நாலு நாள்தான் தாங்கியது. மூட்டை கதவைப் பிறாண்டிக்கொண்டே கத்தும். வெளியே மற்ற இரண்டும் பதில் கத்தும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நூற்றிருபது சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். கதவு திறந்து கதவு மூட நான் என்ன லிஃப்ட் ஆளா என்று ஐந்தாம் நாள் கத்தினேன். எல்லாவற்றுக்கும் அதே உருண்டையை வைத்துவிடலாம், மெலிந்தது கொஞ்சம் கூடச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்றேன். அண்ணனுக்கும் அது நியாயமாகப் பட்டது. முன்னறையில் மூன்று தட்டு, மூன்றிலும் அதே உருண்டை என்று ஆனது. அந்த யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனித்தனி எடையும் அப்படித்தான் போனது. அரைவால் மெஷினைக் கண்டாலே அலமாரி மேல் ஏறிவிடும். மூட்டை கையைக் கிழித்தது. ஊசி பயத்தில் மெஷின் மேலேயே மூத்திரம் பெய்தது. மெஷினில் அப்படி நடந்தால் அண்ணனுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அவரும் ஒரு யோசனை செய்தார். மூன்று பூனைகளும் மத்தியானம் என் பக்கத்தில் இருக்கும் பிரம்புக் கூடையில் ஒன்றாகப் படுத்துத் தூங்கும். கூடைக்கு அடியில் இருந்த முக்காலியை எடுத்துவிட்டு, சாக்கு நிறுக்கிற மெஷினை வைத்தார். வெறுங்கூடையை வைத்துப் பூஜ்யம் ஆக்கினார். மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்கும்வரை அடியில் காகிதம் மடித்து மடித்து வைத்தார். பூனைகளுக்குத் தாங்கள் நிறுக்கப்படுவது தெரியவே தெரியாது. சாப்பிட வரும்போது அவர் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்துக்கொள்வார்.

முதல் நாள் சரியாகப் பதினாறு கிலோ. மூட்டை எட்டு இருநூறு, அரைவால் நாலு இருநூறு, ஊசி மூணு அறுநூறு.

தனித்தனியாகப் பார்க்கச் சொன்னாரே என்று நான் ஒப்புக்கு ஒருமுறை கேட்டேன். “குறையறதுக்கு மூட்டைகிட்டதானே இருக்கு” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேருக்கு வயிறு ஒட்டிக்கிடக்கிறது, ஒருத்திக்குத் தரையில் இழுபடுகிறது. மொத்தம் குறைந்தால் யாரிடமிருந்து குறையும்?

குறைந்தது. வாரம் நூறு கிராம். ஒரு வாரம் எண்பது, அடுத்த வாரம் நூற்றிருபது. டாக்டரம்மா வாயால் சொன்ன வேகம் அப்படியே மெஷினில் தெரிந்தது. அண்ணனின் முகம் பழையபடி ஆனது. கடை கடையாகச் சொன்னார். கறிக்கடைக்காரரிடம் சொன்னார். கிளினிக் நர்ஸிடம் சொன்னார். சாப்பிட வரும்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மெஷினைப் பார்ப்பார். “பதினஞ்சு எழுநூறு” என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாடு கூடுதலாக இறங்கும். டாக்டரம்மா சிரித்த சிரிப்பு அவர் மனதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம். அந்தச் சிரிப்பை மூட்டிவிட்டவள் நான்தானே.

இனி என் பங்கு.

நாலாம் வாரம் ஊசியின் கழுத்துப்பட்டை என் மெஷினுக்கு அடியில் கிடந்தது. தலை வழியாகக் கழன்று விழுந்திருக்கிறது. எடுத்தேன், அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன், ஊசியைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். தையல்காரி கைக்கு அது ஒரு வேலையே கிடையாது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் சட்டையைக் கொண்டுவந்து பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். பிடித்துக் கொடுப்பேன், என்ன காய்ச்சல் என்று கேட்கமாட்டேன். ஊசியிடமும் கேட்கவில்லை.

ஆறாம் வாரம் மூட்டையின் சிவப்புப் பட்டை கழுத்தில் பதிந்திருந்தது. துவைத்ததில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கால் அங்குலம் விட்டுத் தைத்தேன். வாரம் நூறு கிராம் இளைக்கிற பூனைக்குக் கழுத்து ஏன் இறுகுகிறது என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். இருபது வருஷமாக அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறவள் யோசிக்கவில்லை.

ஏழாம் வாரம் ஊசியின் பட்டை மறுபடியும் கழன்றது. இந்தத் தடவை அதைப் போட்டுவிடும்போது என் விரல்கள் நீள முடிக்குள்ளே போயின. தோள் எலும்பு இரண்டும் கையில் தட்டின. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக எண்ணலாம் போலிருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நினைத்தேன். அப்போதுதான் அவர் வாசலில் நுழைந்து, மெஷினைப் பார்த்து, “பதினஞ்சு முன்னூறு” என்று சிரித்தார். வயசான பூனைதானே, மெலியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டையை அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டேன். வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அது பொய்.

பத்தாம் வாரம் பதினைந்து கிலோ தொட்டது. முழுசாக ஒரு கிலோ. டாக்டரம்மாவிடம் நாமே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று அண்ணன் புதுச் சட்டை எடுத்து வைத்தார். மறுநாள் காலையில் ஊசி மிதிகட்டைக்குப் பக்கத்தில் இருந்து எழுந்திருக்கவில்லை. வாயோரம் எச்சில் வடிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அந்தப் புதுச் சட்டையோடுதான் அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மாவின் மெஷின் இரண்டு கிலோ இருநூறு காட்டியது. அண்ணன் குனிந்து அந்த மெஷினின் குமிழியைப் பார்த்தார். அது நடுவில்தான் நின்றது.

கீழ்த்தாடையில் பல் இரண்டு அழுகி, சீழ் கோத்திருந்தது. மிருதுவான சாப்பாடாக இருந்தவரைக்கும் எப்படியோ விழுங்கியிருக்கிறது. கடினமான உருண்டையை அதனால் கடிக்க முடியவில்லை. கூப்பிட்டால் தட்டுக்கு வரும், முகத்தை வைக்கும், நக்கும். நான் மெஷின் பக்கம் திரும்பினதும் மூட்டை அந்தத் தட்டையும் முடித்துவிடும். நான் பார்க்கும்போது மூன்று தட்டும் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் நல்லது என்று கழுவி வைப்பேன்.

பட்டினியில் ஈரல் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பல்லைப் பிடுங்கிக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பட்டைகூட லூசாகல டாக்டர். லூசாகியிருந்தா நான் பார்த்திருப்பேன்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊசியின் கழுத்தில் இருந்த பட்டையில் என் தையல் இரண்டு வரிசையாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா சில சமயம் அப்படித்தான் சார், முடி மறைத்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். மூன்று நாள் ட்ரிப் ஏற்றினார்கள். நாலாம் நாள் காலையில் ஊசி போய்விட்டது. மற்ற இரண்டையும் கொண்டுவந்து காட்டச் சொல்லி டாக்டரம்மா அனுப்பினார்.

அண்ணன் கொண்டுபோகவில்லை. கூடைக்கு அடியில் இருந்த மெஷினை எடுத்து, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வேலைக்குப் போனார், ஆனால் பழுது பார்த்துவிட்டுச் சீட்டு ஒட்டாமல் வந்தார். குழந்தைகளை எடை பார்க்கும் கிளினிக்கில் இருந்து போன் செய்தபோது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர் சீட்டு ஒட்டாத மெஷினில் குழந்தையை வைக்க நர்ஸுக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தெருக் கிளினிக்குக்குத் தாய்மார்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். சாப்பிடும்போது ஒருநாள், யாரிடமும் சொல்லாத மாதிரி, “மூணு பேரை ஒண்ணா நிறுத்து ஒருத்தியைக் கொன்னுட்டேன்” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் என் மேலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதற்கிடையில் மூட்டைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. முன்னறையில் இருந்து சமையலறைக்கு நடக்க நடுவில் ஒருமுறை உட்காரும். அண்ணன் அதைப் பார்க்கமாட்டார். பார்த்தால் நிறுக்க வேண்டும். நிறுத்தால் என்ன எண் வரும் என்று அவருக்கு உள்ளூரத் தெரியும். ஊசி போன மூன்றாவது வாரம் சிவப்புப் பட்டை மறுபடியும் இறுகியது. விட்டுத் தைக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். இதையும் விட்டுத் தைத்துவிட்டுச் சும்மா இருந்தால் இரண்டாவது பூனையையும் நானே முடித்துவிடுவேன் என்று தோன்றியது.

மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் நீலப் பட்டையையும் சிவப்புப் பட்டையையும் அவர் முன்னால் வைத்தேன்.

“அண்ணா, பட்டை லூசாச்சு. நான்தான் ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். மூட்டைக்கு விட்டுத் தைச்சேன். எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லல.”

அவர் நீலப் பட்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பழைய தையல் ஓட்டைகளை விரலால் தடவினார். அவர் பிசுக்கு பார்க்கிற மனுஷன். அன்றைக்குத் துணி வைத்துப் பிடிக்கவில்லை.

“எப்ப?” என்றார்.

பதிமூன்று வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நாலாம் வாரம் ஒன்று, ஏழாம் வாரம் ஒன்று என்றேன். ஏழாம் வாரம் எலும்பைத் தொட்டுப் பார்த்ததையும் சொன்னேன். அண்ணன் பத்தில் இருந்து ஏழைக் கழித்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா சொன்ன அதே மூன்று வாரம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் இருந்து மெஷினை இழுத்தார், சாக்கைப் பிரித்தார், குமிழியைச் சரிசெய்தார். அவர் முதலில் தனியாக ஏறி நின்றார். பிறகு மூட்டையைத் தூக்கி அணைத்துக்கொண்டு ஏறினார். மூட்டை கையைக் கிழித்தது. விடவில்லை.

“எட்டு அறுநூறு” என்றார்.

பத்து வாரம் பட்டினி போட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பூனை நானூறு கிராம் ஏறியிருந்தது. அது யார் தட்டில் இருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் பட்டைகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். பட்டை லூசாகலன்னு நான் தப்பாச் சொல்லியிருக்கேன். நீ வந்து திருத்திச் சொல்லு. தப்பான அளவை அப்படியே விடக்கூடாது.”

மறுநாள் போனோம். அண்ணன் ஒரு கையில் பூனைக்கூடையும் மறு கையில் எடைக்கற்கள் இருக்கும் மரப்பெட்டியுமாக வந்தார். டாக்டரம்மா மூட்டையை மெஷினில் வைத்தார். எட்டு அறுநூறு, அதே எண். அண்ணன் பட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் சொன்னேன். எந்த வாரம், எத்தனை அங்குலம், கையில் என்ன தட்டியது எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, நிறுத்தாமல் சொன்னேன். டாக்டரம்மா இந்தத் தடவை ஆறுதல் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார், எழுதிக்கொண்டார். தனி அறை, தனித் தட்டு, தனி எடை என்று முதல் நாள் சொன்னதையே மறுபடியும் சொன்னார். இரண்டு வேளையும் கதவை மூடி, தட்டு காலியாகும்வரை உள்ளே நானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் குழந்தைகள் கிளினிக் இருந்தது. அண்ணன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு பெட்டியோடு உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது விரலில் சீட்டு ஒட்டின பசை இருந்தது.

அதுவரை நான் மூட்டையின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் வழக்கம்போல வாங்கிக்கொள்வார் என்று கூடையை நீட்டினேன். அண்ணன் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். எட்டு கிலோ அறுநூறு. வீடு வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன்.